பிக் என்கிற சின்னத் துண்டு

கிட்டார் வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மரம் என்ன, எந்த கம்பெனி, கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் கடைக்காரர் உயிரை எடுப்பார்கள். பைக்கும் ஸ்ட்ராப்புக்கும் பேரம் நடக்கும். கடைசியில் பில் போடும்போது, கண்ணாடி டப்பாவில் குவிந்து கிடக்கும் பிக்குகளில் இரண்டை நிறம் பார்த்துப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

வாசிக்கும் கைக்கும் தந்திக்கும் நடுவில் இருக்கிற ஒரே பொருள் அதுதான். ஐந்தாயிரம் ரூபாய் கிட்டாரை வைத்துக்கொண்டு, ஐம்பதாயிரம் ரூபாய் கிட்டாருக்கு ஏங்குகிற என் போன்ற மாணவர்கள் கிட்டாரை மாற்ற முடியாது, பிக்கை மாற்றலாம். பைசாவுக்குப் பைசா கணக்குப் போட்டால் சத்தத்தை இவ்வளவு மாற்றுகிற பொருள் வேறு இல்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம் :-)

பிக் என்றால் தெரியாதவர்களுக்கு: கிட்டார் தந்தியைத் தட்டுவதற்கு விரலிடுக்கில் பிடிக்கிற முக்கோணத் துண்டு. நம்மூர்ப் பழைய வாத்தியக்காரர்கள் பிளெக்ட்ரம் என்பார்கள். சிதார்காரர் விரலில் மாட்டுகிற கம்பி மிஸ்ராபும் சரோத்காரர் கையில் இருக்கிற ஜவாவும் இதற்குப் பங்காளிகள். அந்த ஜவாவைத் தேங்காய்ச் சிரட்டையில் செய்வார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதலில் தடிமன். 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மெல்லிசு. 0.6 முதல் 0.8 வரை நடுத்தரம். அதற்கு மேல் தடி. 1.5 தாண்டினால் அது பிக்கா, பொத்தானா என்று சந்தேகம் வரும். டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் பிக்கில் நிறமே தடிமனைச் சொல்லிவிடும். சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. ஆக, நிறம் பார்த்துப் பொறுக்கியவர் தெரியாமலேயே தடிமனையும் பொறுக்கிவிட்டார்!

மெல்லிசான பிக் தந்தியில் பட்டதும் தானே வளைந்து கொடுக்கும். ஆறு தந்தியையும் சேர்த்து ஸ்ட்ரம் பண்ணும்போது இது சௌகரியம். எவ்வளவு வேகமாக வீசினாலும் சத்தம் ஒரே அளவில் நிற்கும், கூடவே 'சிக் சிக்' என்று ஷேக்கர் ஆட்டுவது போல ஒரு ஓசை வரும். ஆனால் தனித்தனி சுரமாக வேகமாக வாசிக்கப் போனால் இதே வளைவு எதிரியாகிவிடும். கை நகர்ந்து, பிக் வளைந்து, அப்புறம்தான் தந்தி விடுபடும். அந்த இம்மியளவு தாமதம் வேகத்தில் பூதாகாரமாகத் தெரியும். தடிமனான பிக் வளையாது, கை செய்வதை அப்படியே தந்திக்குச் சொல்லும். அதிலும் ஒரு தொல்லை உண்டு. வளைய வேண்டியதை பிக் வளையாதபோது விரலும் மணிக்கட்டும்தான் வளைந்து கொடுக்க வேண்டும். இறுக்கிப் பிடித்துப் பழகியவர்கள் திடீரென 0.5-இலிருந்து 1.5-க்குத் தாவினால் கை வலிக்கும். படிப்படியாக ஏறுவது நல்லது.

எல்லோரும் தடிமனைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட முக்கியம் முனை. கூரான முனை என்றால் தந்தி ஒரு புள்ளியில் மடங்கி, சட்டென்று விடுபடுகிறது. மேற்சுரங்கள் நிறையக் கிளம்பி சத்தம் பளிச்சென்று இருக்கும். உருண்டையான முனையில் தந்தி வழுக்கிக்கொண்டு விடுபடுகிறது. மேற்சுரங்கள் குறைந்து சத்தம் தடித்து, கொஞ்சம் மந்தமாக, வெதுவெதுப்பாக இருக்கும். செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். சாதாரண பிக்கைத் தலைகீழாகத் திருப்பி, அதன் உருண்டைத் தோளால் அதே தந்தியை அதே இடத்தில் தட்டுங்கள். வேறு கிட்டார் போல இருக்கும். ஸ்டீவி ரே வானும் பேட் மெத்தினியும் இப்படித்தான், கூரான முனையை விட்டுவிட்டு உருண்டைப் பக்கத்தால் வாசித்தார்கள். யூ2 குழுவின் எட்ஜ் இன்னும் ஒரு படி மேலே. விரல் வழுக்காமல் இருக்க பிக்கில் புள்ளி புள்ளியாகப் புடைப்பு இருக்கிறதல்லவா, அந்தப் பக்கத்தைத் தந்தியில் உரசுகிறார். அந்தச் சொரசொரப்பு அப்படி வந்ததுதான்.

குயீன் குழுவின் பிரையன் மே கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அப்பாவும் மகனுமாக வீட்டிலேயே செய்த கிட்டார், பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயம். நாணயம் துளியும் வளையாது. அதனால் தந்தியில் நடப்பதெல்லாம் விரலுக்கு நேரடியாகத் தெரிகிறது என்பது அவர் கணக்கு. ஓரத்தில் இருக்கும் ரம்பப் பல் தந்தியை லேசாகப் பிறாண்டும். பிரிட்டனில் 1980-ல் அந்த நாணயமே செல்லாக்காசாகிவிட்டது, அவர் விடவில்லை. (நம்ம ஒரு ரூபாயை வைத்து வாசித்துப் பார்த்தேன். சத்தம் சுமார், தந்திக்குத்தான் கேடு.)

அடுத்து, எதனால் செய்தது என்பது. இங்கே கொஞ்சம் சரித்திரம் பேசியாக வேண்டும், ஏனென்றால் இது எனக்குப் பிடித்த பகுதி.

பிளாஸ்டிக்குக்கு முன் நல்ல பிக் என்றால் ஆமை ஓடு. எல்லா ஆமையும் இல்லை, அழுங்காமை. நம்ம மன்னார் வளைகுடாவிலும் இருக்கிற கடலாமைதான். அந்த ஓடு வளையவும் வளையும், விறைப்பாகவும் இருக்கும், தேயவும் நாளாகும். சீப்பும் கண்ணாடிச் சட்டமும் பிக்கும் செய்தே அந்த இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. சர்வதேச வணிகத்துக்கும் 1970-களில் தடை வந்தது. யாராவது 'ஒரிஜினல் டார்டாய்ஸ் ஷெல்' என்று விற்க வந்தால் தூர விலகிவிடுங்கள்.

ஆமைக்கு மாற்றாக வந்தது செல்லுலாய்டு. 1922-ல் நியூயார்க்கில் லூயிஜி டி'ஆண்ட்ரியா என்பவர், ஆமை ஓடு போலவே பழுப்பும் மஞ்சளுமாகத் திட்டுப் போட்ட செல்லுலாய்டு தகட்டிலிருந்து பிக் வெட்டி விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு நாம் 'பிக்' என்றதும் மனசில் வருகிற வடிவம், 351 என்கிற எண்ணால் அழைக்கப்படுவது, அவர் கம்பெனி கொடுத்ததுதான். செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. ஆமாம், நம்ம வீட்டு சூடமேதான். பழுப்புத் திட்டுப் போட்ட பிக்கை உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கோயில் வாசனை வரும். சூடம் போலவே பற்றிக்கொள்ளவும் செய்யும். பழைய சினிமாச் சுருள் அப்படித் தீப்பிடித்த கதைகள் ஏராளம். டேபிள் டென்னிஸ் பந்தும் செல்லுலாய்டாகத்தான் இருந்தது. 2014-ல் பெரிய போட்டிகளில் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். எனவே இணையத்தில் சொல்கிறார்களே என்று ஊசியைப் பழுக்கக் காய்ச்சி செல்லுலாய்டு பிக்கில் ஓட்டை போடாதீர்கள்.

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்கிற ஜாஸ் மேதையின் இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிப்போனது செல்லுலாய்டால்தான். பிக்கினால் அல்ல. 1928-ல், அவருக்குப் பதினெட்டு வயது. அவர் மனைவி செல்லுலாய்டில் செயற்கைப் பூக்கள் செய்து விற்றுவந்தார். வண்டி வீட்டுக்குள் மெழுகுவர்த்தி அந்தப் பூக்களில் பட்டு எரிந்தது. மீதி இரண்டு விரல்களைக் கொண்டே ஜாங்கோ பிறகு வாசித்த வாசிப்பை இன்னும் உலகம் வாய்பிளந்து கேட்கிறது. அவர் கையில் இருந்தது தடிமனான ஆமை ஓட்டு பிக்.

1981-ல் ஜிம் டன்லப் டார்டெக்ஸைக் கொண்டுவந்தார். டெல்ரின் என்கிற பிளாஸ்டிக். ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, மேல் பரப்பு மாவு தடவினது போல இருக்கும். நம்மூர் மே மாதத்தில் வழவழப்பான செல்லுலாய்டு பிக் வியர்வையில் வழுக்கிக்கொண்டு கிட்டார் ஓட்டைக்குள் விழும். அதை எடுக்கக் கிட்டாரைக் கவிழ்த்து ஆட்டுகிற நடனம் தனி. டார்டெக்ஸ் கொஞ்சம் நிற்கும். நைலானும் நல்லதுதான். மெல்லிசு நைலான் போல மென்மையான ஸ்ட்ரம்மிங் வேறு எதிலும் வராது.

இவ்வளவு சொன்ன பிறகும் 'சரி, நான் எதை வாங்க?' என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். ஒரு மஞ்சள் டார்டெக்ஸ் வாங்கி ஒரு மாதம் வாசியுங்கள். மாதக் கடைசியில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தேய்ந்த பிக் கைரேகை மாதிரி. முனை மட்டும் சமமாக மழுங்கியிருந்தால் நீங்கள் பிக்கைத் தந்திக்கு இணையாக, தட்டையாகப் பிடிக்கிறீர்கள். ஒரு முகத்தில் ஒரு ஓரமும், திருப்பினால் எதிர் ஓரமும் சாய்வாகத் தேய்ந்து மின்விசிறி இறக்கை போல ஆகியிருந்தால் பிக்கைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். பெரும்பாலோர் சாய்த்தே பிடிக்கிறோம். கீழே போகும்போது ஒரு ஓரம் தந்தியை வெட்டுகிறது, மேலே வரும்போது மற்றது. தோள் வரை கீறல் இருந்தால் பிக் ரொம்ப ஆழமாகத் தந்திக்குள் போகிறது என்று அர்த்தம்.

இந்தத் தேய்மானத்தைப் புது பிக்கிலேயே முன்கூட்டிச் செய்துகொள்வதுதான் பிக்கைத் தனக்கேற்ற மாதிரி மாற்றுவதன் முக்கால் பங்கு. ஹார்ட்வேர் கடையில் 400, 800, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் ஒவ்வொரு தாள் வாங்குங்கள். 400-ல் வடிவம். தேய்ந்த பழைய பிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே சாய்வில் ஓரத்தை இழைக்க வேண்டும். 800-ல் கோடுகள் போகும். 2000-ல் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பலில் விட்டால் தந்தியில் 'கிறீச்' கேட்கும், முக்கியமாகக் கம்பி சுற்றிய தடித்த தந்திகளில். பிடிமானத்துக்கு காம்பஸ் முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறலாம். காகிதம் துளைக்கும் பஞ்சிங் மெஷினால் நடுவில் ஓட்டை போட்டால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அந்த ஓட்டை வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், வியர்த்தாலும் நகராது.

வாங்கக்கூடக் காசில்லை என்றால் காலாவதியான ஏ.டி.எம். கார்டு இருக்கவே இருக்கிறது. உலகத்தில் எந்த வங்கிக் கார்டும் 0.76 மி.மீ. தடிமன்தான், அளவு தரம் அப்படி. கிட்டத்தட்ட மஞ்சள் டார்டெக்ஸ்! பழைய பிக்கை மேலே வைத்து வரைந்து கத்தரித்தால் ஒரு கார்டில் மூன்று நான்கு தேறும். பி.வி.சி. என்பதால் சீக்கிரம் தேயும், சத்தமும் கொஞ்சம் கட்டை. அதைவிட எனக்குப் பிடித்தது சிரட்டை. சரோத்காரர்கள் சும்மா செய்யவில்லை. நன்றாக முற்றிய, கறுத்த கொட்டாங்குச்சியில், வளைவு குறைந்த பக்கமாக வெட்டி இரண்டு மில்லிமீட்டருக்கு இழைத்தால் சத்தம் உருண்டு வருகிறது. நைலான் தந்திக்கு ரொம்பப் பொருத்தம். உலோகத் தந்தியில் முனை வேகமாகத் தேயும், அடிக்கடி இழைக்க வேண்டும். வேலை அதிகம், ஆனால் அம்மா சட்னிக்குத் தேங்காய் உடைக்கிற வரை கச்சாப்பொருள் தட்டுப்பாடு இல்லை.

இதெல்லாம் பொழுதுபோக்காகத்தான் செய்துகொண்டிருந்தேன், போன வருஷம் வரை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். எனக்கு முதல் மூன்று கார்டுகளைச் சொல்லிக்கொடுத்தவர். சர்ச் கொயரில் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் கிட்டார். வேலை ஒரு பட்டறையில், பவர் பிரஸ்ஸில். மார்ச் மாதம் அந்த பிரஸ்ஸில் வலது கை ஆள்காட்டி விரலின் மேல் கணு போய்விட்டது. காயம் ஆறியது, வேலைக்கும் போனார். கிட்டாரை மட்டும் உறையிலிருந்து எடுக்கவில்லை. கொயரில் கீபோர்டை வைத்துச் சமாளித்தார்கள்.

பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமி கதையை நான்தான் அவரிடம் போய்ச் சொன்னேன். 1965, பர்மிங்காம், பதினேழு வயது, தகடு வெட்டும் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலை, இரண்டு விரல் நுனிகள் போயின. மேலாளர் ஜாங்கோவின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மறுபடி வாசித்தார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்களுக்கெல்லாம் தந்தியை அமுக்குற கை தம்பி. எனக்குப் போனது பிடிக்கிற கை" என்றார். நியாயம்தானே? பிக்கைத் தாங்குகிற மெத்தையே மடங்கிய ஆள்காட்டி விரல் நுனிதான்.

கட்டை விரலில் மாட்டுகிற தம்ப்-பிக் ஒன்று வாங்கிக்கொடுத்தேன். மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் வழி. அவருக்கு ஒத்துவரவில்லை. கொயர் வாசிப்பு முழுக்க மேலும் கீழும் ஸ்ட்ரம்மிங். மேலே வரும்போது தம்ப்-பிக் தந்தியில் கொக்கி போல மாட்டியது. கட்டை விரலும் நடுவிரலும் சேர்த்துப் பிடிக்கலாம், எடி வான் ஹேலன் அப்படித்தான் பிடித்தார். ஆனால் புதிதாகப் பிடிக்கிறவருக்கு இரண்டாவது வரியிலேயே பிக் சுழன்றுவிடுகிறது. முனையில் தந்தி தள்ளுகிறது, பிடிமானம் மேலே இருக்கிறது, நடுவில் இருக்கும் தூரமே நெம்புகோல்.

அதனால் நெம்புகோலைக் குறைக்க வேண்டும். பெரிய முக்கோண டார்டெக்ஸ் எடுத்தோம், மஞ்சள். பரப்பு பெரிதானதால் விரல் முனைக்குக் கிட்டே இறங்கலாம். தடி பிக் உதைக்கும், மெல்லிசு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், எனவே 0.73-க்கு மேல் போகவில்லை. முக்கோணத்தில் ஒரு வசதி, மூன்று முனை. ஒன்றைக் கூராகவே விட்டேன், ஒன்றை அரை உருண்டை, ஒன்றை முழு உருண்டை. மூன்றையும் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு அவர் உருண்டையைத் தேர்ந்தெடுத்தார். மேலே வரும்போது மாட்டவில்லை. பிறகு எதிர்ப்பக்கம் ஓரமாக இரண்டு கீறல் வெட்டி, சைக்கிள் டியூபில் நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை நறுக்கிக் கோத்து, நடுவிரலில் மோதிரம் போல மாட்டினோம். இறுக்கம் சரியாக வர ஒரு வாரம் ஆனது. ரொம்ப இறுக்கினால் விரல் மரத்துப்போகிறது, தளர்த்தினால் சுழல்கிறது. தினமும் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து, "இன்னும் ஒரு நூல் தம்பி" என்பார்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போனார்கள். பதினெட்டு வீடு. பனியில் டியூப் விறைத்துக்கொள்ளும் என்று பையில் இரண்டு உபரிப் பட்டை வைத்திருந்தார். ஒன்று அறுந்தது. எங்கள் வீட்டு வாசலில் வாசித்தபோது நான் பாட்டைக் கேட்கவில்லை, அவர் நடுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுழலவில்லை.

போன வாரம் அதே பிக்கைக் கொண்டுவந்து, "தேஞ்சுபோச்சுடா, இதே மாதிரி இன்னொண்ணு. ஓரத்துல என் பழைய பிக் மாதிரி சாய்வு மட்டும் கொடுத்துடு" என்றார். அவருடைய பழைய பிக் என்னிடம் இருக்கிறது, விபத்துக்கு முன் வாசித்தது. மின்விசிறி இறக்கை போல நல்ல சாய்வு. புதியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாய்வே இல்லை, முனை சமமாகத் தேய்ந்திருக்கிறது. நடுவிரல் வேறு கோணத்தில் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது, அவருக்கே தெரியவில்லை. சாய்வு இல்லாமல் ஒன்றும், அவர் கேட்டபடி ஒன்றுமாக இரண்டு செய்துகொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எது என்று அவரே சொல்லட்டும்.